தோல்வி சீசன் ஒன்றைப் படிப்பது எப்படி: டெட்ராய்ட் லயன்ஸ், 2008

அமெரிக்கக் கால்பந்தில் ஓர் அணி எவ்வளவு மோசமாக ஆடியது என்று யாராவது கேட்டால், வெற்றி தோல்விக் கணக்கைச் சொல்லிவிட்டு அடுத்த பேச்சுக்குப் போய்விடுவதே வழக்கம். 2008ஆம் ஆண்டின் டெட்ராய்ட் லயன்ஸ் அணிக்கு அந்தக் கணக்கு 0-16. அமெரிக்காவின் தொழில்முறைக் கால்பந்து லீக்கான என்.எஃப்.எல். 1978இல் 16 ஆட்டங்கள் கொண்ட சீசனுக்கு மாறிய பிறகு, அந்தப் பதினாறிலும் தோற்ற முதல் அணி அதுதான். ஒன்பது ஆண்டுகள் கழித்து, 2017இல், கிளீவ்லாந்து பிரவுன்ஸ் அணியும் அதே 0-16இல் வந்து நின்றது. இரண்டுக்கும் எண் ஒன்றுதான் என்றாலும், அருகருகே வைத்துப் பார்ப்பவருக்கு இரண்டும் வெவ்வேறு வியாதிகள் என்பது சீக்கிரமே தெரிந்துவிடும். அப்படி வைத்துப் பார்ப்பதற்கு என்ன செய்ய வேண்டும், எதை முதலில் எழுத வேண்டும், எதை நம்பக் கூடாது என்பதை, லயன்ஸின் சீசனையே எடுத்துக்காட்டாக வைத்து இங்கே எழுதுகிறேன்.

தேவையானவை அதிகமில்லை. அந்த ஆண்டின் ஆட்ட அட்டவணை, ஒவ்வொரு ஆட்டத்தின் இறுதிப் புள்ளிகள், கால்பகுதி வாரியான புள்ளிகள், அந்த அணி கடந்த ஏழெட்டு ஆண்டுகளில் டிராஃப்டில், அதாவது அணிகள் முறை வைத்துப் புதுமுக வீரர்களை எடுக்கும் ஆண்டு நிகழ்வில், யாரைத் தேர்ந்தெடுத்தது என்ற பட்டியல் ஆகிய நான்கும் கையில் இருந்தால் போதும். இவை எல்லாமே பொதுவில் கிடைப்பவை. கணினியில் அட்டவணை போடுவதைவிட, கோடு போட்ட நோட்டில் கையால் எழுதுவது நல்லது என்பது என் அனுபவம். பதினாறு வரிகளைக் கையால் எழுதும்போது ஒவ்வொரு ஆட்டத்திலும் ஒரு கணமாவது நின்றுதான் அடுத்ததற்குப் போகிறோம்.

நோட்டைத் திறந்தவுடன் சீசனுக்கு முந்தைய பயிற்சி ஆட்டங்களை அடித்துவிடுங்கள். 2008 ஆகஸ்டில் லயன்ஸ் தன்னுடைய நான்கு பயிற்சி ஆட்டங்களையும் வென்றது. 2017 ஆகஸ்டில் பிரவுன்ஸும் நான்கையும் வென்றது. இதற்கு மேல் அந்த ஆட்டங்களைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

முதலில் புள்ளிகள்

இப்போது பதினாறு வரிகளையும் எழுதுங்கள். எதிரணியின் பெயர், நம் அணி எடுத்த புள்ளி, கொடுத்த புள்ளி, இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் என நான்கு பத்திகள் போதும். எழுதி முடித்துக் கூட்டினால், லயன்ஸ் எடுத்தவை 268 புள்ளிகள், கொடுத்தவை 517 என்று வரும். பள்ளம் 249 புள்ளிகள். ஆட்டத்துக்குச் சராசரியாகப் பதினைந்தரை. கிரிக்கெட்டில் நெட் ரன் ரேட் என்ன வேலை செய்கிறதோ, ஏறக்குறைய அந்த வேலையை இங்கே இந்த வித்தியாசம் செய்கிறது. பிரவுன்ஸுக்கும் இதையே செய்தால், எடுத்தவை 234, கொடுத்தவை 410, பள்ளம் 176. அதாவது ஆட்டத்துக்குப் பதினோரு புள்ளி. கிளீவ்லாந்து தோற்றது, டெட்ராய்ட் நொறுங்கியது என்று சொல்வதற்கு முதல் ஆதாரம் இது.

பேஸ்பால் புள்ளிவிவரக்காரர் பில் ஜேம்ஸ் கண்டுபிடித்து, பின்னர் மற்ற விளையாட்டுகளுக்கும் மாற்றி அமைக்கப்பட்ட ஒரு கணக்கு இங்கே உதவும். எடுத்த புள்ளியையும் கொடுத்த புள்ளியையும் தனித்தனியே 2.37 என்ற அடுக்குக்கு உயர்த்தி, முதல் விடையை இரண்டு விடைகளின் கூட்டுத்தொகையால் வகுத்து, வருவதை ஆட்டங்களின் எண்ணிக்கையால் பெருக்கினால், அந்தப் புள்ளிகளை எடுத்த, கொடுத்த ஓர் அணி வழக்கமாக எத்தனை ஆட்டங்களை வென்றிருக்கும் என்று ஒரு மதிப்பீடு கிடைக்கும். லயன்ஸுக்கு ஏறத்தாழ 2.8 வருகிறது, பிரவுன்ஸுக்கு 3.3க்குச் சற்று மேல். ஆக, இரண்டு அணிகளுமே பூஜ்ஜியத்துக்குரிய அணிகள் அல்ல. மூன்று வெற்றி அளவுக்கு இரண்டையும் அதிர்ஷ்டம் கைவிட்டிருக்கிறது. ஆனால் இதைக் கண்டவுடன் மனம் இளகிவிடக் கூடாது. மூன்று வெற்றியும் பதின்மூன்று தோல்வியும் கொண்ட அணியும் பயிற்சியாளரை வேலையிலிருந்து அனுப்பத் தகுந்த அணிதான். பூஜ்ஜியம் என்ற எண்ணின் கவர்ச்சியைக் கழித்துவிட்டு மீதி உள்ள நோயைப் பார்க்க மட்டுமே இந்தக் கணக்கைப் பயன்படுத்துங்கள்.

நெருக்கமான தோல்விகளும், நெருக்கமாகத் தோன்றாதவையும்

எதிரணியின் கோட்டுக்கு அப்பால் உள்ள எண்ட் ஸோனில் பந்தைக் கொண்டுசேர்க்கும் ஒரு டச்டவுனும் அதன் பின் இரண்டு புள்ளி முயற்சியும் சேர்ந்தால் எட்டுப் புள்ளி. ஆகவே எட்டு அல்லது அதற்குக் குறைவான வித்தியாசத்தில் தோற்ற ஆட்டங்களுக்குப் பக்கத்தில் ஒரு பொட்டு வையுங்கள். லயன்ஸுக்கு அப்படி ஐந்து ஆட்டங்கள் தேறுகின்றன: மினசோட்டா வைக்கிங்ஸிடம் 10-12, ஹூஸ்டன் டெக்ஸன்ஸிடம் 21-28, வாஷிங்டனிடம் 17-25, சிகாகோ பேர்ஸிடம் 23-27, மறுபடியும் வைக்கிங்ஸிடம் 16-20. பிரவுன்ஸுக்கு ஆறு, அதில் டென்னசி டைட்டன்ஸிடமும் கிரீன் பே பேக்கர்ஸிடமும் கூடுதல் நேரத்தில் தோற்ற இரண்டும் அடங்கும்.

பலர் இத்தோடு நிறுத்திவிடுவார்கள். ஆனால் இறுதிப் புள்ளி வித்தியாசமும் சில நேரம் பொய் சொல்லும். அதனால்தான் கால்பகுதி வாரியான புள்ளிகள் வேண்டும் என்றேன். சீசனின் இரண்டாவது ஆட்டம் உள்ளூரில் பேக்கர்ஸுடன். முடிவு 25-48. இருபத்து மூன்று புள்ளி வித்தியாசத்தைப் பார்ப்பவர், தொடக்கம் முதலே ஒருதலைப்பட்சமான ஆட்டம் என்று நினைப்பார். நடந்தது வேறு. 0-21 என்று பின்தங்கிய லயன்ஸ் கொஞ்சம் கொஞ்சமாக மீண்டு வந்து, நான்காம் கால்பகுதியில் 25-24 என்று முன்னிலையே பெற்றுவிட்டது. அதன் பிறகு எஞ்சியிருந்த சில நிமிடங்களில் பேக்கர்ஸ் தொடர்ச்சியாக 24 புள்ளிகள் எடுத்தது. பந்தை எறிந்து தாக்குதலை நடத்தும் குவாட்டர்பேக் ஜான் கிட்னா எறிந்த பந்துகளை இடைமறித்த பேக்கர்ஸ் வீரர்கள் அவற்றில் இரண்டை நேரே டச்டவுனாக மாற்றிவிட்டார்கள். நவம்பரில் டாம்பா பே பக்கனியர்ஸுடன் ஆடிய ஆட்டம் இதற்கு நேர்மாறு. 17-0 என்று முன்னிலையில் இருந்த லயன்ஸ் அதன் பின் 35 புள்ளிகளை வரிசையாகக் கொடுத்து 20-38 என்று தோற்றது. முதலாவது, ஒரு மோசமான முடிவுரையைப் பெற்ற நல்ல போராட்டம். இரண்டாவது, ஒரு நல்ல கால்பகுதிக்குப் பின் முழுதும் கைவிட்டுப்போன ஆட்டம். நோட்டில் இரண்டுக்கும் வெவ்வேறு குறி இடுங்கள். வித்தியாசம் என்ற பத்தியில் இவை 23, 18 என்று பக்கத்துப் பக்கத்து எண்களாகத்தான் தெரியும்.

அடுத்து, ஒவ்வொரு எதிரணியின் பெயருக்குப் பக்கத்திலும் அந்த அணி அந்த ஆண்டில் பெற்ற வெற்றி தோல்வியை எழுதுங்கள். இந்தப் பத்தியை எழுதிய பிறகுதான் லயன்ஸ் சீசனில் எனக்கு உண்மையாகவே வியப்பளித்த விஷயம் கண்ணில் பட்டது. வெற்றியைவிடத் தோல்வி அதிகம் கண்ட அணிகளோடு லயன்ஸ் நான்கே ஆட்டங்கள் ஆடியது: 6-10 பெற்ற பேக்கர்ஸுடன் இரண்டு, 7-9 பெற்ற சான் ஃபிரான்சிஸ்கோ ஃபார்ட்டி நைனர்ஸுடன் ஒன்று, 5-11 பெற்ற ஜாக்சன்வில் ஜாகுவார்ஸுடன் ஒன்று. இந்த நான்கிலும் தோல்வி பத்துப் புள்ளிக்குக் குறையவில்லை, ஜாகுவார்ஸிடம் 14-38. நெருங்கிப் போராடிய ஐந்து ஆட்டங்களோ 10-6 பெற்ற வைக்கிங்ஸ், 9-7 பெற்ற பேர்ஸ், 8-8 பெற்ற இருவர் ஆகியோரிடம். பலவீனமானவர்களிடம் படுதோல்வி, நடுத்தரமானவர்களிடம் போராட்டம் என்ற இந்த அமைப்பு, அட்டவணை கடுமையாக இருந்தது என்ற சமாதானத்தைப் பாதியாவது உடைத்துவிடுகிறது. டைட்டன்ஸ் 13-3, இண்டியானாபொலிஸ் கோல்ட்ஸ் 12-4, கரோலைனா பாந்தர்ஸ் 12-4 என்று பெரிய அணிகள் அந்த அட்டவணையில் இருந்தது உண்மைதான். ஆனால் வெல்லக் கிடைத்த நான்கு வாய்ப்புகளையும் வீணாக்கியது அட்டவணையின் குற்றமல்ல.

ஒரு காட்சியை மட்டும் நினைவில் வைப்பதன் ஆபத்து

ஒவ்வொரு தோல்வி சீசனிலிருந்தும் ஒரு காட்சி பிரிந்து தனியாக வாழத் தொடங்கும். லயன்ஸுக்கு அது 2008 அக்டோபர் 12 அன்று மினியாபொலிஸில் நடந்தது. பந்து லயன்ஸின் எண்ட் ஸோனுக்கு மிக அருகில் இருந்தது. குவாட்டர்பேக் டான் ஆர்லாவ்ஸ்கி பின்வாங்கிப் பந்தைப் பெற்று, எறிய ஆள் தேடிக்கொண்டே வலப்பக்கம் ஓடினார். வைக்கிங்ஸின் ஜாரெட் ஆலன் அவரைத் துரத்தி வந்தார். ஆர்லாவ்ஸ்கியின் கவனம் முழுவதும் முன்னால் இருந்ததால், தன் காலடியில் எண்ட் ஸோனின் பின்கோடு கடந்துபோனதை அவர் அறியவில்லை. மைதானத்துக்கு வெளியே வந்துவிட்ட பிறகும் ஆட்டம் நடப்பதாகவே எண்ணி ஓடிக்கொண்டிருந்தார். நடுவரின் விசிலுக்குப் பின்னால்தான் அவர் தலை திரும்பியது. இதற்குப் பெயர் சேஃப்டி. எதிரணிக்கு இரண்டு புள்ளியும், அடுத்துப் பந்தைப் பெறும் உரிமையும் கிடைக்கும். அந்த ஆட்டத்தின் முடிவு 10-12. வித்தியாசம் அதே இரண்டு புள்ளி.

இவ்வளவு பொருத்தமாக ஒரு தவறும் ஒரு முடிவும் வந்து ஒட்டிக்கொண்டால், மக்கள் அதை விடவே மாட்டார்கள். ஆனால் நோட்டு வைத்திருப்பவர் இங்கே இரண்டு கேள்விகளைக் கேட்க வேண்டும். ஒன்று, அந்தத் தவறு நடந்தபோது எவ்வளவு நேரம் மீதி இருந்தது? அது முதல் கால்பகுதி. ஆட்டத்தின் பெரும்பகுதி மீதி இருந்தது, அதன் பிறகு லயன்ஸ் முன்னிலையும் பெற்றது. வைக்கிங்ஸை வெல்ல வைத்தது, கடைசி வினாடிகளில் ரயன் லாங்வெல் கம்பங்களுக்கு இடையே உதைத்து மூன்று புள்ளி பெற்ற ஃபீல்ட் கோல். அதற்கு வழிவகுத்தது, லயன்ஸில் எதிரணியின் பந்து பிடிப்பவர்களைத் தடுக்கும் கார்னர்பேக் லீ பாடன் மீது நடுவர்கள் விதித்த, இன்றும் டெட்ராய்ட் ரசிகர்கள் ஏற்காத ஒரு பாஸ் இன்டர்ஃபியரன்ஸ் (பந்தைப் பிடிக்க விடாமல் இடைஞ்சல் செய்தது) அபராதம். இரண்டாவது கேள்வி, அந்தத் தவறு அந்த அணியின் வழக்கமான நோயைக் காட்டுகிறதா அல்லது ஒரு தனி மனிதனின் ஒரு நொடியைக் காட்டுகிறதா? அன்று லயன்ஸின் தடுப்பாட்டம் கொடுத்தது வெறும் பத்துப் புள்ளி. அந்த சீசன் முழுவதிலும் அதன் மிகச் சிறந்த நாள் அதுதான். நோயை அறிய விரும்புபவர் மற்றப் பதினைந்து நாட்களைத்தான் பார்க்க வேண்டும். ஆர்லாவ்ஸ்கியின் காலடிக்குக் கிடைத்த கவனம், அவருக்கும் நியாயமில்லை, சீசனைப் புரிந்துகொள்ளவும் உதவவில்லை என்பதே என் எண்ணம்.

நோய் எங்கே இருந்தது

ஆட்டத்துக்கு 32 புள்ளிக்கு மேல் கொடுக்கும் அணியின் நோய் எங்கே என்று தேட அதிக தூரம் போக வேண்டியதில்லை. முதல் ஆட்டமே முகவரியைச் சொல்லிவிட்டது. அட்லாண்டாவில், ஃபால்கன்ஸின் புதிய குவாட்டர்பேக் மாட் ரயன் தன் தொழில்முறை வாழ்க்கையில் எறிந்த முதல் பந்தே மைக்கேல் ஜென்கின்ஸுக்கு 62 யார்டு டச்டவுன் ஆனது. அதே நாளில் மைக்கேல் டர்னர் 220 யார்டு ஓடினார். மேலே எறிந்தாலும் தடுக்க முடியவில்லை, கீழே ஓடினாலும் தடுக்க முடியவில்லை. சீசன் முடிவில் லயன்ஸ் ஓட்டத்தில் கொடுத்தது ஆட்டத்துக்கு 172 யார்டு. 32 அணிகளில் கடைசி. பதினாறு ஆட்டங்களில் எதிரணியின் எறிவுகளை இடைமறித்தது நான்கே முறை. இந்த நான்கு என்ற எண்ணின் கீழ் இரண்டு கோடு போடுங்கள். பந்தைப் பறிக்காத அணிக்கு எதிரியின் பாதிக் களத்தில் தொடங்கும் வாய்ப்புக் கிடைக்காது. ஒவ்வொரு முறையும் முழு நீளத்தையும் நடந்தே கடக்க வேண்டும்.

தலைமைப் பயிற்சியாளர் ராட் மரினெல்லி, டாம்பா பேயில் தற்காப்பு முன்வரிசையைப் பயிற்றுவித்துப் பெயர் பெற்றவர். அவர் கொண்டுவந்த முறைக்கே டாம்பா 2 என்றுதான் பெயர். பின்னால் இரண்டு வீரர்கள் ஆழமான பகுதிகளைப் பங்கிட்டுக்கொள்ள, மற்றவர்கள் குறுகிய பகுதிகளைக் காக்க, முன்வரிசையின் நான்கு பேர் மட்டுமே, வேறு யாருடைய உதவியும் இல்லாமல், குவாட்டர்பேக்கை நெருக்க வேண்டும் என்பது அதன் அடிப்படை. அந்த நால்வரும் நெருக்காவிட்டால் குவாட்டர்பேக்குக்கு நேரம் கிடைக்கும். நேரம் கிடைத்தால் பகுதிகளுக்கு இடையிலான இடைவெளிகள் திறந்துகொள்ளும். முறையில் தவறில்லை. வாரன் சாப், டெரிக் புரூக்ஸ் போன்றவர்கள் இருந்த டாம்பா பேயில் அது கோப்பை வென்றது. அவர்களைப் போன்றவர்கள் டெட்ராய்டில் இல்லை. தடுப்பாட்டப் பொறுப்பாளர் ஜோ பேரி, மரினெல்லியின் மருமகன் என்பதால், உறவுமுறையைப் பற்றிய பேச்சு அந்த ஆண்டு நிறைய ஓடியது. சுவாரஸ்யமான பேச்சுதான், ஆனால் ஆட்களே இல்லாத வரிசையை யாருடைய மாமனாரும் காப்பாற்றியிருக்க முடியாது.

குவாட்டர்பேக் வரிசையையும் எழுதிவிடுங்கள், சுருக்கமாகப் போதும். கிட்னா நான்கு ஆட்டங்கள் தொடங்கிக் காயத்தோடு விலகினார், ஆர்லாவ்ஸ்கி ஏழு, ஓய்வு பெறுவதாக அறிவித்திருந்த டான்டே கல்பெப்பர் நவம்பரில் வந்து சேர்ந்து ஐந்து. ஒரே சீசனில் மூன்று பேர் தொடங்கினால் அது விளைவா காரணமா என்று பிரித்துப் பார்ப்பது கடினம். லயன்ஸைப் பொறுத்தவரை விளைவு என்றே கொள்கிறேன்.

எட்டு ஆண்டுகள் பின்னால் போங்கள்

தோல்வி சீசனைப் படிப்பதில் எல்லோரும் தவறவிடும் வேலை இதுதான், பலன் மிகுந்த வேலையும் இதுதான். ஆட்டங்களை எழுதிய பக்கத்தைப் புரட்டிவிட்டு, புதிய பக்கத்தில், அந்த அணியின் நிர்வாகி பதவிக்கு வந்த நாளிலிருந்து டிராஃப்டின் முதல் சுற்றில் யாரைத் தேர்ந்தெடுத்தார் என்று வரிசையாக எழுதுங்கள்.

லயன்ஸின் உரிமையாளர் வில்லியம் கிளே ஃபோர்டு 2001இல் மாட் மில்லனை அணியின் தலைவராக நியமித்தார். மில்லன் மூன்று வெவ்வேறு அணிகளில் ஆடி நான்கு சூப்பர் பவுல் (லீக்கின் இறுதிப்போட்டி) வெற்றி மோதிரங்கள் பெற்ற லைன்பேக்கர், அதாவது தற்காப்பு முன்வரிசைக்குப் பின்னால் நிற்பவர். பிறகு தொலைக்காட்சி வர்ணனையாளர். ஒரு அணியின் அலுவலகத்தில் அதுவரை வேலை செய்ததில்லை. அவர் காலத்து முதல் சுற்றுத் தேர்வுகள் இவை: 2001இல் தாக்குதல் வரிசையின் ஜெஃப் பாக்கஸ், 2002இல் குவாட்டர்பேக் ஜோயி ஹாரிங்டன், 2003இல் ரிசீவர் (எறியும் பந்தைப் பிடிப்பவர்) சார்லஸ் ராஜர்ஸ், 2004இல் ரிசீவர் ராய் வில்லியம்ஸ், அதே ஆண்டில் ஓட்டக்காரர் கெவின் ஜோன்ஸ், 2005இல் ரிசீவர் மைக் வில்லியம்ஸ், 2006இல் லைன்பேக்கர் எர்னி சிம்ஸ், 2007இல் ரிசீவர் கால்வின் ஜான்சன், 2008இல் தாக்குதல் வரிசையின் கோஸ்டர் செரிலஸ்.

எட்டு டிராஃப்ட்களில் ஒன்பது பேர். ரிசீவர்கள் நான்கு பேர் என்பதைத்தான் எல்லோரும் கேலி செய்வார்கள், அதுவும் நியாயமான கேலிதான். 2003இல் ராஜர்ஸுக்கு அடுத்த இடத்தில் ஹூஸ்டன் எடுத்தது ஆண்ட்ரே ஜான்சனை. ராஜர்ஸோ முதல் இரண்டு ஆண்டுகளிலும் காறை எலும்பை உடைத்துக்கொண்டார். ஆனால் பட்டியலை வேறு விதமாக எண்ணிப் பாருங்கள். ஒன்பது பேரில் தடுப்பாட்டக்காரர் ஒரே ஒருவர், எர்னி சிம்ஸ். குவாட்டர்பேக்கை நெருக்கும் முன்வரிசை ஆள் ஒருவர்கூட இல்லை. 2005இல் லயன்ஸ் பத்தாவது இடத்தில் மைக் வில்லியம்ஸை எடுத்தவுடன், பதினோராவது இடத்தில் டல்லஸ் கவ்பாய்ஸ் எடுத்தவர் டிமார்கஸ் வேர்; அந்தத் தலைமுறையின் தலைசிறந்த நெருக்கடிக்காரர்களில் ஒருவர். நான்கு பேரே நெருக்க வேண்டும் என்ற முறையை நம்பும் பயிற்சியாளரையும், அந்த நான்கு பேரில் ஒருவரைக்கூட முதல் சுற்றில் எடுக்காத நிர்வாகியையும் ஒரே கட்டடத்தில் வைத்திருந்தார்கள். முன்வரிசையில் இருந்த ஒரு பலசாலியான ஷான் ராஜர்ஸையும் 2008 தொடக்கத்தில் கிளீவ்லாந்துக்குக் கொடுத்துவிட்டு, ஒரு மூன்றாம் சுற்று உரிமையையும் லீ பாடனையும் பெற்றுக்கொண்டார்கள். மினியாபொலிஸில் அபராதம் வாங்கிய அதே பாடன்தான்.

நெருக்கும் ஆள் இல்லை, அதனால் குவாட்டர்பேக்குக்கு நேரம், அதனால் திறந்த இடைவெளி, அதனால் ஆண்டு முழுவதற்கும் நான்கு இடைமறிப்பு, அதனால் 517. இந்தச் சங்கிலியை வலமிருந்து இடமாகப் படித்துக்கொண்டு போனால் 2001இல் கொண்டுபோய் நிறுத்தும். மில்லன் காலத்தில் அணியின் மொத்தக் கணக்கு 31-84. மூன்று ஆட்டங்கள் தோற்றபின், 2008 செப்டம்பர் 24 அன்று அவரை நீக்கினார்கள். அதற்குள் கட்டி முடித்த வீட்டிலிருந்து மேஸ்திரியை மட்டும் வெளியே அனுப்பியது போலத்தான் அது.

பிரவுன்ஸுக்கு இதே பக்கத்தை எழுதினால் வேறு கதை கிடைக்கும். அங்கே 2016 முதல் பொறுப்பில் இருந்த சாஷி பிரவுன், இருப்பதை விற்று வருங்கால டிராஃப்ட் உரிமைகளைச் சேர்ப்பது என்ற திட்டத்தோடு இறங்கினார். 2016இல் இரண்டாவது இடத்தை ஃபிலடெல்ஃபியா ஈகிள்ஸுக்கு விற்றார். அவர்கள் குவாட்டர்பேக் கார்சன் வென்ட்ஸை எடுத்தார்கள். 2017இல் பன்னிரண்டாவது இடத்தை ஹூஸ்டனுக்கு விற்றார். அவர்கள் குவாட்டர்பேக் டிஷான் வாட்சனை எடுத்தார்கள். கையில் உரிமைகள் குவிந்தன, எறிய ஆள் இல்லை. அந்த இடத்தில் இறக்கப்பட்ட புதுமுகம் டிஷோன் கைசர் 11 டச்டவுன் எறிந்து 22 இடைமறிப்புகளைக் கொடுத்தார். பந்தைப் பறிகொடுத்ததிலும் பறித்ததிலும் அணியின் நிகர இழப்பு 28. லயன்ஸ் எதிரியை நிறுத்த முடியாமல் தோற்றது. பிரவுன்ஸ் தன் கையில் இருந்ததைத் தவறவிட்டுத் தோற்றது. 0-16இல் பிரவுன்ஸ் முடித்த அதே சீசனில் ஈகிள்ஸ் சூப்பர் பவுலை வென்றது என்பதை ஓரத்தில் குறித்துக்கொள்ளலாம், கிளீவ்லாந்துக்காரர்கள் பக்கத்தில் இல்லாதபோது.

ஆட்களையும் ஊரையும் விட்டுவிடாதீர்கள்

எண்கள் முடிந்தபின், அந்தச் சேற்றில் நன்றாக ஆடியவர்களுக்கு ஒரு சிறு இடம் ஒதுக்குங்கள். 2008இல் கால்வின் ஜான்சன், மூன்று வெவ்வேறு கைகளிலிருந்து வந்த பந்துகளைப் பிடித்து, 1,331 யார்டும் 12 டச்டவுனும் சேர்த்தார். உதைப்பவரான ஜேசன் ஹான்சன் 50 யார்டும் அதற்கு மேலும் உள்ள தொலைவிலிருந்து முயன்ற எட்டு ஃபீல்ட் கோல்களையும் அடித்தார். அணி எண்ட் ஸோன் வரை போக முடியாமல் பாதியிலேயே நின்றதால்தான் அவருக்கு அத்தனை தொலைதூர வாய்ப்புகள் கிடைத்தன என்பது வேறு விஷயம். கிளீவ்லாந்தில் ஜோ தாமஸ் 2007 முதல் தாக்குதல் வரிசையில் பந்து ஆட்டத்துக்கு வரும் ஒரு முறையைக்கூட விடாமல் தொடர்ந்து 10,363 முறை நின்றார். 2017 அக்டோபர் 22 அன்று டைட்டன்ஸுடன் ஆடும்போது அவர் கைத்தசை கிழிந்தது. அந்த ஆட்டம் 9-12 என்று தோற்ற ஆட்டம். அவர் மீண்டும் ஆடவே இல்லை.

ஊரைப் பற்றியும் ஒரு பத்தி எழுத வேண்டும். 2008இன் கடைசி மாதங்களில் டெட்ராய்டின் கார் நிறுவனங்களின் தலைவர்கள் அரசு உதவி கேட்டு வாஷிங்டனில் நின்றார்கள். அடுத்த ஆண்டு கிரைஸ்லரும் ஜெனரல் மோட்டார்ஸும் திவால் மனு கொடுத்தன. அந்த நாட்களில், ஆட்டத்துக்கு 72 மணி நேரம் முன்பு டிக்கெட் முழுவதும் விற்றிருக்காவிட்டால் உள்ளூர்த் தொலைக்காட்சியில் அதை ஒளிபரப்பக் கூடாது என்ற விதி என்.எஃப்.எல்.இல் இருந்தது. வேலை போன ஊரில், தோற்றுக்கொண்டே இருக்கும் அணிக்கு யார் டிக்கெட் வாங்குவார்கள்? சில உள்ளூர் ஆட்டங்கள் ஊர்க்காரர்களின் திரைக்கே வரவில்லை. நன்றி தெரிவிக்கும் நாளன்று லயன்ஸ் உள்ளூரில் ஆடுவது 1934இல் தொடங்கிய வழக்கம். அதை நாடே பார்க்கும். அந்த ஆண்டு நாடு பார்த்தது, டைட்டன்ஸிடம் 10-47.

தோல்வி என்ன சம்பாதித்தது

கடைசி ஆட்டம் டிசம்பர் 28இல் கிரீன் பேயில் 21-31 என்று முடிந்தது. மறுநாள் மரினெல்லி நீக்கப்பட்டார். பக்கத்தை இங்கே மூட வேண்டாம். மிக மோசமான கணக்குள்ள அணிக்கு அடுத்த டிராஃப்டில் முதல் இடம் கிடைக்கும் என்பதால், தோல்வி சீசனின் வரவு அடுத்த ஏப்ரலில்தான் எழுதப்படும். லயன்ஸ் குவாட்டர்பேக் மாத்யூ ஸ்டாஃபோர்டை எடுத்தது. அக்டோபரில் ராய் வில்லியம்ஸை டல்லஸுக்குக் கொடுத்ததற்கு ஈடாகக் கிடைத்த முதல் சுற்று உரிமையில், இருபதாவது இடத்தில், தாக்குதல் வரிசையின் ஓரத்தில் நின்று தடுக்கவும் பந்தைப் பிடிக்கவும் செய்யும் டைட் எண்ட் பிராண்டன் பெட்டிக்ரூவை எடுத்தது.

இங்கே ஒரு கவனம் தேவை. முதல் இடத்தின் மதிப்பு எல்லா ஆண்டுகளிலும் ஒன்றல்ல. ஸ்டாஃபோர்டுக்கு ஆறு ஆண்டு ஒப்பந்தத்தில் உறுதியளிக்கப்பட்ட தொகை மட்டும் 4.17 கோடி டாலர், ஓர் ஆட்டமும் ஆடாத இளைஞருக்கு. 2011இல் புதுமுகங்களின் சம்பளத்துக்கு உச்சவரம்பு வந்தபின், அந்த ஆண்டின் முதல் தேர்வான காம் நியூட்டனுக்குக் கிடைத்த நான்கு ஆண்டு ஒப்பந்தம் ஏறத்தாழ 2.2 கோடி டாலர். ஆகவே 2011க்கு முன் தோற்றவர்கள் பரிசைப் பெறப் பெரும் விலையும் கொடுத்தார்கள். பின் தோற்றவர்கள் அதை மலிவாகப் பெற்றார்கள். வேண்டுமென்றே தோற்கலாமா என்ற விவாதம் எந்த ஆண்டைப் பற்றியது என்று கேட்காமல் அதில் இறங்காதீர்கள்.

நோட்டில் இன்னும் மூன்று வரிகளுக்கு இடம் விடுங்கள். லயன்ஸின் தொடர் தோல்வி 2007இன் கடைசி ஆட்டத்திலேயே தொடங்கியிருந்தது. புதிய பயிற்சியாளர் ஜிம் ஷ்வார்ட்ஸின் கீழ் 2009இன் முதல் இரண்டு ஆட்டங்களும் தோல்வியே: நியூ ஆர்லியன்ஸ் செயின்ட்ஸிடம் 27-45, வைக்கிங்ஸிடம் 13-27. எண்ணிக்கை பத்தொன்பது ஆனது. 2009 செப்டம்பர் 27, வாஷிங்டன், உள்ளூர், நிறையாத அரங்கு. மூன்றாவது வரியின் எண்களை எழுதும்போது பழக்கத்தில் சிறியதை முதலில் எழுதிவிடாதீர்கள்: 19-14.